மர அம்பிலிருந்து கார்பனுக்கு மாறுறீங்களா? வாங்கும் முன் இந்த ரெண்டு அளவைப் பாருங்க!

மூங்கில் வில், மர அம்பு, 30 மற்றும் 50 மீட்டர் இலக்கு. 'இந்தியன் ரவுண்டு' எனப்படும் இந்தப் பிரிவில்தான் நம்மூரில் பலர் வில்வித்தையைத் தொடங்குகிறார்கள். தீபிகா குமாரிகூட மூங்கில் வில்லில் பழகியவர்தான்.

ஆனால், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கத்து ஈரக்காற்றில் மர அம்பு லேசாக வளைந்துவிடும். 'பேசாம கார்பனுக்கு மாறிடலாமா?' எனத் தோன்றும். மாறலாம். ஆனால், அளவு தப்பினால் காசும் போகும், வில்லும் போகும்.

ஸ்பைன்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க

நாணை விட்டதும் அம்பு வளைந்து நெளிந்துதான் வில்லைக் கடக்கும். அந்த விறைப்பின் அளவுதான் ஸ்பைன். மரத்தில் பவுண்டில் சொல்வார்கள். 26-ஐ அந்தப் பவுண்டால் வகுத்தால், அம்பு எத்தனை இன்ச் தொய்யும் எனத் தெரியும். 45 பவுண்டு அம்பு என்றால் 0.578 இன்ச். உடனே '600 கார்பன் போதும்' என முடிவு செய்வார்கள். இங்கேதான் சிக்கல்!

மரத்தை 26 இன்ச் இடைவெளியில் 907 கிராம் தொங்கவிட்டு அளப்பார்கள். கார்பனுக்கு 28 இன்ச், 880 கிராம். அதே மர அம்பைக் கார்பன் முறையில் அளந்தால் சுமார் 0.7 இன்ச் தொய்யும். அதாவது, அதற்கு ஜோடி 700.

நீங்களே அளக்கலாம்

சிப்காட் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருப்பவருக்கு ஹைட் கேஜ் புதுசில்லை.

* 711 மி.மீ இடைவெளியில் ரெண்டு தாங்கிகள் வையுங்க. இறகு அதில் படக் கூடாது.
* வில்லோடு ஒட்டும் பக்கம் கீழே இருக்கட்டும்.
* நடுவில் 880 கிராம் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. 17.8 மி.மீ என்றால் 700. 15.2 என்றால் 600.

எடையும் முக்கியம்

அம்பு ரொம்ப லேசாக இருந்தால், அம்பே இல்லாமல் நாணை விட்ட மாதிரி அதிர்ச்சி வில்லுக்குப் போகும். பழைய பாணி வில்லில் ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெய்ன் இருந்தால் நிம்மதி. 35 பவுண்டு வில்லுக்கு 350 கிரெய்ன், அதாவது சுமார் 22.7 கிராம். நகைத் தராசில் உங்க மர அம்பை நிறுத்து, கார்பனையும் அதற்குப் பக்கத்தில் கொண்டு வாங்க.

கனமான முனை போட்டால் எடை ஏறும். ஆனால், பறக்கும்போது அம்பு இன்னும் இளகும். அதனால் அப்படிச் செய்வதாக இருந்தால் ஒரு படி விறைப்பான 600 எடுக்கலாம். கார்பன் மரத்தைவிட ஒல்லி, வில்லின் நடுவுக்கு நெருக்கமாக உட்காரும். அதனாலும் கொஞ்சம் கூடுதல் விறைப்பு பிரச்னை தராது.

டஜன் வேணாம், ரெண்டு போதும்

700-இல் ஒண்ணு, 600-இல் ஒண்ணு வாங்கி, இறகு ஒட்டாமல் எய்து பாருங்க. வலது கைக்காரருக்கு, இறகுள்ள அம்பைவிட இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் குறைவு. கைப்பிடி மேட்டில் வைத்து எய்பவர்கள் பிளாஸ்டிக் இறகைத் தவிர்த்து, நிஜ இறகு ஒட்டுங்க.

ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் கார்பனை லேசாக வளைத்துப் பாருங்க. விரிசல் சத்தம் கேட்டால் குப்பைக்குத்தான். உடைந்த கார்பன் சிம்பு கையில் ஏறினால் பெரிய காயம்.

கடைசியா ஒண்ணு: இந்தியன் ரவுண்டு போட்டியில் கார்பனுக்கு இடமில்லை. அந்த மர அம்புகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க!