இரும்புக்கை மாயாவி செய்த குற்றங்கள்

தமிழ் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இரும்புக்கை மாயாவி என்றாலே ஒரு துள்ளல்தான். சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் பெயரில்தான். ஆனால் இவர் பிறந்த கதை அவ்வளவு குதூகலமானது அல்ல!

1962 அக்டோபரில் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் இது. எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டலுக்கு விபத்தில் போன வலது கைக்குப் பதில் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். இந்தச் சக்தியை அவர் முதலில் பயன்படுத்தியது குற்றம் செய்யத்தான்.

ஊனம், கசப்பு, குற்றம்... எல்லாமே கனமான விஷயங்கள். பிளாஸ்கோவின் இருண்ட ஓவியங்களும் அதற்கேற்பவே இருந்தன. ஆனால் தொடரின் நாயகனை எத்தனை நாள் கெட்டவனாகவே வைத்திருப்பது? பின்னர் டாம் டல்லி எழுதிய கதைகளில் அவர் நிழற்படையின் உளவாளி ஆனார். கொஞ்ச காலம் சூப்பர் ஹீரோ உடையும் போட்டுக்கொண்டார்.

கை போனவன் கெட்டுப்போவான் என்று ஆரம்பித்த கதை, அந்த எண்ணம் தவறு என்று பிறகு சொல்லவே இல்லை. சும்மா மறந்துவிட்டது, அவ்வளவுதான். மாயாவியை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த முதல் கதையை மறந்துவிட்டு ரசிக்க வேண்டியதில்லை.