மெழுகில் பதிந்த குரலுக்கு யார் பொறுப்பு?

பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றுவது என் தொழில். பூஞ்சை பிடித்த நாடாவானாலும் துடைத்து ஓட்டினால் குரல் பெரும்பாலும் மீண்டுவிடும். பாடியவர் பெயர்தான் மீளாது. பெட்டியின் மேல் ‘நாட்டுப்பாடல், பெண் குரல்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எதற்காகப் பாடினாள் என்ற விவரம் எதுவும் இருக்காது. இந்தக் குறையை ஒரு காப்பகம் எப்படித் தீர்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்ததை நான் சொல்வதுண்டு.

1890 மார்ச்சில், கனடா எல்லையை ஒட்டிய கேலஸ் என்ற ஊருக்கு ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிகளிடம் கொண்டுபோகும் முன் அதைச் சோதித்துப் பார்ப்பது அவர் நோக்கம். அந்தப் பகுதிப் பழங்குடியான பாசமக்வாடி மக்களில் நோயல் ஜோசப்ஸ், பீட்டர் செல்மோர் போன்றவர்கள் கருவியின் முன் பாடினார்கள், கதை சொன்னார்கள். குரல் பதியும் மெழுகு உருளை ஒன்றில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். களத்துக்கே போய் எடுத்த ஒலிப்பதிவுகளில் இன்று நம்மிடம் இருப்பவற்றுள் இவையே மிகப் பழையவை.

அவற்றில் ஒன்று பண்டமாற்றுப் பாட்டு. ஒருவர் இன்னொருவர் குடிசை வாசலில் நின்று பாடுவார். பாடியபடியே ஆடிக்கொண்டு உள்ளே நுழைவார். தனக்குப் பிடித்த பொருளைச் சுட்டிக்காட்டி விலை சொல்வார். வீட்டுக்காரர் அதை விற்க வேண்டும், அல்லது ஈடான வேறொன்றைத் தர வேண்டும். ஃப்யூக்ஸ் இந்த வழக்கத்தை எழுதிவைத்ததால்தான் பாட்டின் பொருள் நமக்குத் தெரிகிறது.

உருளைகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயின. 1970இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்தன. எஞ்சியவை 31. மெழுகின் மேல் ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் தேயும். அதனால் நூலகம் 1979இல் தொடங்கிய உருளைத் திட்டத்தில் இவற்றை நாடாவுக்கு மாற்றியது. 1980களில் படிகள் பாசமக்வாடி மக்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் இரைச்சலில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். நூலகம் புதிய கருவிகளால் ஒலியை மறுபடி எடுத்துத் துலக்கியது. பாசமக்வாடி மொழியறிஞர் டுவெய்ன் டோமா திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல் சொல்லாக எழுதினார். நூலகப் பதிவேட்டில் அந்த மக்களின் மொழியிலேயே தலைப்புகளும் விளக்கங்களும் ஏறின. கூடவே, ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்’ அமைப்பின் துணையோடு அவர்கள் வகுத்த குறிச்சீட்டுகளும் சேர்ந்தன: யார் பெயரைச் சொல்ல வேண்டும், கல்விக்குப் பயன்படுத்தலாம், விற்கக் கூடாது. எதை வெளியார் கேட்கலாம் என்பதையும் அந்த மக்களே முடிவு செய்தார்கள். 2018இல் நூலகத்தின் இணையதளத்தில் இவை வெளிவந்தன. இந்தச் சீட்டுகளுக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனாலும் பதிவைத் தேடி வருகிறவர் முதலில் படிப்பது பாடியவர்களின் சந்ததி சொன்ன சொல்லைத்தான்.

அந்தச் சொல்லைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, வேறொரு துறையில், அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் சாட்சி. 1990இல் நீரிழிவு ஆய்வுக்கென்று அவர்கள் கொடுத்த ரத்த மாதிரிகள், அவர்கள் ஒப்புதல் இல்லாமலே வேறு ஆய்வுகளுக்கும் போயின. வழக்கு நடந்து, 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது, மாதிரிகளும் திரும்ப வந்தன. 2019இல் உலகத் தொல்குடித் தரவுக் கூட்டணி வகுத்த ‘கேர்’ நெறிகள் வலியுறுத்துவதும் இதைத்தான்: தரவின் பயன் அந்தச் சமூகத்துக்குச் சேர வேண்டும், அதன்மேல் அதிகாரமும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

குளிரூட்டிய அறையும் வன்தட்டும் ஒலியை மட்டுமே காக்கும். களத்துக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: பாடியவரின் பெயரையும் ஊரையும் அன்றே எழுதுங்கள், யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுக் குறியுங்கள், ஒரு படியை அந்த ஊரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.