இல்லாத ஒரு வாத்தியக் குழு

1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ படத்தின் பெயர்ப்பட்டியலில், இசையை வாசித்தது ‘பௌலிங் க்ரீன் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று போட்டிருக்கும். அப்படி ஒரு குழு அந்தப் படத்துக்காக எங்கும் உட்கார்ந்து வாசிக்கவில்லை. வாசித்தவர் படத்தின் டைரக்டர் ஜான் கார்பென்டர் ஒருவர்தான். பக்கத்தில் இருந்து யந்திரத்தின் குமிழ்களைத் திருகி, வேண்டிய சப்தத்தை அமைத்துக் கொடுத்தவர் டான் வைமன். நூறு பேருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. நூறு பேர் வாசித்ததாக ஒரு பெயரை மட்டும் போட்டுக்கொண்டார்கள்.

பௌலிங் க்ரீன், கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிறு நகரம். 1948இல் நியூயார்க் மாநிலத்துக் கார்தேஜில் பிறந்த கார்பென்டர் ஐந்து வயதிலிருந்து அங்கே வளர்ந்தார். தகப்பனார் ஹோவர்ட் கார்பென்டர் அவ்வூரில் சங்கீதப் பேராசிரியர், வயலின் வித்வான், நாஷ்வில்லுக்குப் போய் மற்றவர்களுடைய பாட்டுகளுக்கு ரிகார்டிங்கில் வாசித்துவிட்டு வருகிறவர். நிஜமான வாத்தியக் குழுக்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். பிள்ளைக்கு வயலின் வரவில்லை. ஸ்வரக் குறிப்பைப் படிக்கவோ எழுதவோ தமக்குத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளை சொந்த ஊரின் பெயரில் ஒரு பொய் ஃபில்ஹார்மானிக்கை ஏற்படுத்திக்கொண்டதை வெறும் விளையாட்டு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. தகப்பனாரின் உலகத்துக்குள் கொல்லைப்புறமாக நுழைந்தவன் தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அது.

2015 பிப்ரவரியில், அறுபத்தேழாவது வயதில், கார்பென்டர் ‘லாஸ்ட் தீம்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். உடன் வாசித்தவர்கள் மகன் கோடி கார்பென்டர், ஞானமகன் டேனியல் டேவிஸ். இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: பயங்கரப் படங்கள் எடுத்து ஓய்ந்த கிழவர், பிள்ளைகளோடு பொழுதுபோக்காகப் பெட்டி வாசிக்கப்போக, அது ஒரு இரண்டாவது தொழிலாக அமைந்துவிட்டது. கேட்க இதமான கதை. ஆனால் இந்த இசையின் சரித்திரத்தில் குடும்பம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல, ஆரம்பத்திலிருந்தே அடியில் இருந்தது என்பது என் கட்சி.

கார்பென்டருக்கு முந்திய ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். முழுக்க முழுக்க எலெக்ட்ரானிக் இசையோடு வந்த முதல் ஹாலிவுட் முழுநீளப் படம் 1956இன் ‘ஃபர்பிடன் ப்ளானெட்’. அதைச் செய்தவர்கள் லூயி பாரன், பெபே பாரன் என்ற தம்பதிகள். வீட்டையே ஸ்டூடியோவாக வைத்துக்கொண்டு, தாங்களே ஸர்க்யூட்டுகளை இணைத்து, அவை எழுப்பிய முனகலையும் கதறலையும் டேப்பில் பிடித்து வெட்டி ஒட்டினார்கள். வாத்தியக்காரர் சங்கத்தோடு தகராறு வரும் என்று பயந்து, படத்தில் இதற்கு ‘இசை’ என்று பெயர் போடவில்லை. ‘எலெக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்’ என்று போட்டார்கள். சின்னப் பையனாக அந்தப் படத்தைப் பார்த்த கார்பென்டர், அதன் சப்தங்கள் தம்மைப் பிடித்துக்கொண்டதைப் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மண்டபம் வேண்டும், சங்கம் வேண்டும், சம்பளப் பட்டியல் வேண்டும். இந்தப் பெட்டிக்கு ஒரு அறையும் ஒத்துப்போகிற இரண்டு பேரும் போதும். வீட்டுச் சங்கீதம் என்ற பழைய வழக்கம் சினிமாவுக்குள் திரும்பி வந்தது இப்படித்தான்.

‘ஹாலோவீன்’ இசையின் முதுகெலும்பு, பியானோவில் ஓயாமல் திரும்பி வரும் ஒரு சிறு துணுக்கு. அதன் தாளம் ஐந்து. கார்பென்டருக்குப் பதின்மூன்று வயதில் தகப்பனார் போங்கோவில் தட்டிச் சொல்லிக்கொடுத்த தாளம். அந்தப் பாடம் பதினேழு வருஷம் கழித்துப் படத்தில் வந்து விழுந்தது. ஐந்தை அரைகளாகப் பிரித்தால் பத்து. தகிட தகிட தக தக என்று வாயால் சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். நாலுக்குப் பழகிய வெகுஜனக் காது, நாலு முடிந்தது என்று காலை ஊன்றுகிற இடத்தில் இன்னொரு படி கீழே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறது. திரையில் யாரும் வரவில்லை, கத்தி தெரியவில்லை, பகல் வெளிச்சத்தில் ஒரு புறநகர்த் தெரு மட்டும் இருக்கிறது. தடுமாறுவது கேட்பவனுடைய கால். துணுக்கு இடம் பெயர்கிறதே தவிர உருமாறுவதில்லை. வளர்ச்சி கிடையாது, ஆறுதல் கிடையாது. சங்கீதம் படித்தவர்கள் இதை ஏழ்மை என்பார்கள். ஏழ்மைதான்.

அந்த ஏழ்மையின் காரணங்களும் லௌகீகமானவை. படத்தின் மொத்தச் செலவு மூன்று லட்சம் டாலருக்குச் சற்று மேல். எழுத்து, டைரக்‌ஷன், இசை மூன்றுக்கும் சேர்த்துக் கார்பென்டருக்குப் பத்தாயிரம் டாலரும் லாபத்தில் ஒரு பங்கும். தம் படங்களுக்குத் தாமே இசையமைத்ததற்கு, கிடைத்தவர்களில் தாம்தான் மலிவு, தாம்தான் வேகம் என்பதே அவர் சொல்லும் காரணம். அந்தக் காலத்து ஸிந்தஸைஸர்களில் பல ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். சூடேறினால் சுருதி விலகும். சுருதி சேர்க்கவே பொழுது போகும். ஒரு வரியை டேப்பில் பதிந்து, அதன் மேல் அடுத்த வரி, அதன் மேல் இன்னொன்று. இந்த லட்சணத்தில் மூன்று நாளில் செய்து முடிக்க வேண்டிய இசையில் அலங்காரத்துக்கு இடம் ஏது?

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த மூன்று நாளும் கார்பென்டர் படத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கவில்லை. திரையில்லாத அறையில், ஞாபகத்திலிருந்து, அந்த இடத்திலேயே கட்டி வாசித்தார். பிறகு துணுக்குகளைப் படத்தின் மீது பரப்பினார்கள். இசை சேராத படத்தைப் பெரிய ஸ்டூடியோ ஒன்றின் அதிகாரியம்மாளுக்குப் போட்டுக்காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லையாம். இசை சேர்ந்த பின் வந்தது. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிறந்த இசைதான் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆக, ‘லாஸ்ட் தீம்ஸ்’ வந்தபோது படமே இல்லாமல் படத்துக்கான இசையா என்று வியந்தவர்கள், 1978இல் நடந்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனிக்கவில்லை.

எண்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1981இன் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’கிலிருந்து ஆலன் ஹோவர்த் கூட வந்தார். வீடியோவில் படம் ஓட, டேப்பும் அதோடு இசைந்து ஓட, கார்பென்டர் திரையைப் பார்த்தபடியே வாசிக்க முடிந்தது. வரைந்து வைத்த கோட்டுக்குள் குழந்தை வண்ணம் தீட்டுவது மாதிரி. சௌகரியம்தான், நல்ல இசையும் வந்தது. என் காதுக்கு, பழைய குருட்டுத்தனத்தில் இருந்த விபரீதம் அதில் குறைந்துவிட்டது. 1982இல் ‘தி திங்’. பெரிய பணம்; இசைக்கு என்னியோ மோரிகோனே. கார்பென்டர் அவரிடம் கேட்டது ஸ்வரங்களைக் குறைக்கும்படி. அந்த மேதையும் குறைத்துக் கொடுத்தார். படம் ‘ஈ.டி.’ வந்த இரண்டே வாரத்தில் வந்து அடிபட்டது. மோரிகோனேயை அந்த வருஷத்தின் மோசமான இசைக்கான கேலிப் பரிசுக்குச் சிபாரிசு செய்தார்கள். கார்பென்டர் அடுத்து எடுக்கவிருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ கையை விட்டுப் போயிற்று. இந்தப் படத்தின் பெயரை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

2001இல் ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மார்ஸ்’ போட்ட முதலையே திருப்பித் தரவில்லை. அந்தப் படத்தின் தயாரிப்பைப் படம் பிடித்த காட்சிகளில் தம் களைத்த முகத்தைக் கண்டபோது போதும் என்று தோன்றிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த முழுநீளப் படமான ‘தி வார்ட்’ 2010இல்தான் வந்தது. அதற்கு இசை வேறொருவர். இடையில் 2005இல் டெலிவிஷனுக்காக எடுத்த ‘சிகரெட் பர்ன்ஸ்’ படத்துக்கு இசையமைத்தது கோடி. மகன் தகப்பனுக்கு வேலை பார்த்தான் என்று அதைச் சொல்லலாம்.

‘லாஸ்ட் தீம்ஸ்’ உருவான விதத்தில் அந்த உறவுமுறை குழம்பிப்போகிறது. அப்பாவும் பிள்ளையும் வீட்டில் வீடியோ கேம் ஆடுவார்கள். சலித்தால் கீழே இறங்கிப் போய்க் கம்ப்யூட்டரில் வாசிப்பார்கள். மறுபடி மேலே வந்து ஆடுவார்கள். இப்படியே ஒரு மணி நேரத்துக்கான சங்கீதம் சேர்ந்துவிட்டது. கோடி ஜப்பானுக்குப் போய்விட்டார். புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் ஒருவர் கேட்க, கார்பென்டர் இதை அனுப்ப, ஸேக்ரட் போன்ஸ் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. டேனியல் டேவிஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். இவர் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸுடைய மகன். அந்த டேவ் டேவிஸ் 1995இல் ‘வில்லேஜ் ஆஃப் தி டாம்ன்ட்’ படத்துக்குக் கார்பென்டரோடு சேர்ந்து இசையமைத்தவர். தகப்பன்மாரின் சிநேகம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. 2016இல், அறுபத்தெட்டு வயதில், கார்பென்டர் இவர்களையும் ஒரு குழுவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேடையில் நின்று வாசித்தார். முதுகுக்குப் பின்னால் பழைய படங்கள் ஓடின.

இந்தத் தட்டுகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் ‘லாஸ்ட் தீம்ஸ்’ நிறைந்திருக்கிறது. நிறைந்திருப்பதுதான் அதன் குறை. கிடார் வந்து முட்டுகிறது, ட்ரம் விடாமல் துரத்துகிறது. யந்திரம் இப்போது சுருதி விலகுவதில்லை. எத்தனை ஸ்வரம் கேட்டாலும் தருகிறது. இல்லாமையால் கிடைத்த வெற்றிடம், எல்லாம் கிடைக்கும்போது எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, அந்தச் சமயம் எண்பதுகளின் ஸிந்தஸைஸர் ஒலிக்கு ஒரு ஏக்கச் சந்தையே உருவாகியிருந்தது. 2016இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இசை கார்பென்டரின் வாசலிலிருந்து நடந்து போனதுதான். தம்மைப் பிறர் நகலெடுக்கும் காலத்தில் தாமும் தம்மை நகலெடுக்கும் ஆபத்து அவருக்கு இருந்தது. சில இடங்களில் அதில் விழுந்தும் இருக்கிறார்.

விழாத இடம், 2018இல் டேவிட் கார்டன் க்ரீன் எடுத்த புதிய ‘ஹாலோவீன்’. இசை மூவருடையது. பழைய துணுக்கு அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றி இளையவர்கள் கனத்தையும் கரகரப்பையும் சேர்த்திருக்கிறார்கள், நடுவில் வெற்றிடத்தை விட்டிருக்கிறார்கள். படம் இன்னொருவருடையது; அதன் தேவைக்கு அடங்கி வாசிக்கிறார்கள். நாஷ்வில்லில் யாரோ பாடிய பாட்டுக்குப் பின்னால் வயலின் வாசித்த ஹோவர்ட் கார்பென்டரின் நாற்காலி இது. பிள்ளை எழுபது வயதில் அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தலைப்புக்கு மேலேயே தம் பெயரைப் போட்டுக்கொண்டவர் கார்பென்டர்: ‘ஜான் கார்பென்டரின் ஹாலோவீன்’. சினிமாவுக்கு ஆசிரியன் ஒருவனே என்ற சித்தாந்தத்தைப் பிரெஞ்சு விமர்சகர்கள் எழுப்பினார்கள். பிரெஞ்சு டைரக்டர்கள் சங்கமும் 2019இல் கான் விழாவின்போது அவருக்குத் தங்க ரதம் கொடுத்துக் கௌரவித்தது. அப்படிப்பட்டவர் எழுபது வயதில் மூன்று பெயர்களில் ஒருவராக நிற்கிறார். இங்கே நம் பத்திரிகைகளிலும் தனியாக நின்று எரிகிறவன்தான் கலைஞன் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கூட்டாகச் செய்தால் வியாபாரம், வீட்டில் செய்தால் பொழுதுபோக்கு. பகலெல்லாம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு இரவில் எழுதுகிற என் போன்றவனுக்குத் தொழில் எது, பொழுதுபோக்கு எது என்பதில் நிச்சயம் குறைவு. டைரக்‌ஷன் அவரைக் களைக்க வைத்ததென்றும் சங்கீதம் சந்தோஷம் தருகிறதென்றும் கார்பென்டர் சொல்லும்போது நம் விமர்சனம் அதை ஒரு தரக்குறைவாகப் படிக்கிறது. சந்தோஷமாகச் செய்ததில் தீவிரம் இராது என்பதை யார் நிரூபித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 2018 இசையைக் கேட்டால் அதற்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது.

2022இல் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ படத்தை வேறொரு டைரக்டர் புதிதாக எடுத்தார். நாற்பது வருஷத்துக்கு முன் கார்பென்டரின் கையை விட்டுப்போன அதே கதை. இசை ஜான் கார்பென்டர், கோடி கார்பென்டர், டேனியல் டேவிஸ். 2024இல் ‘லாஸ்ட் தீம்ஸ்’ வரிசையின் நான்காவது தட்டு வந்தது, பெயர் ‘நுவார்’. அதற்குத் தூண்டுதல் கார்பென்டரின் மனைவி ஸாண்டி கிங் அவருக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு புத்தகம். பழைய குற்றப் படங்களின் நிழலும் வெளிச்சமுமான ஸ்டில்கள். அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூவரும் வாசிக்க உட்கார்ந்தார்கள்.