விண்வெளிக் கதையில் ஒரு தமிழ் முகம்

1963ஆம் ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. தமிழ்நாட்டில் ‘கலை அரசி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. வேற்றுக் கோளில் வாழ்வோர், தம் உலகில் இல்லாத இசைக்கலையைப் பெற விழைந்து, நிலவுலகிற்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்வதே அதன் கதை. நவம்பர் 23ஆம் நாள் இலண்டனில் பி.பி.சி. நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியற் புனைவுத் தொடரைத் தொடங்கியது. சரியாக ஐந்து கிழமைகளுக்குப் பின், டிசம்பர் 28ஆம் நாள், மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று.

தமிழ்ப் படத்தில் வானுலகத்தாரே தமிழிசையைத் தேடி வந்தனர். இலண்டன் தொடரிலோ நிலைமை வேறு. அத்தொடர் தொடங்கி 48 ஆண்டுகள் கழித்து அதில் தோன்றிய தமிழ்ப்பெண் ஒருவரின் வளர்ச்சியும், அவர் தாங்கிய பெயர்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

அவர் பெயர் அமரா கரன். 1984இல் இலண்டனில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, முதலீட்டு வங்கித் துறையில் பணியில் அமர்ந்தார். தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு வேண்டும் பேறுகளுள் இவ்விரண்டையும் விடப் பெரியது அரிது. யோங் பெங்கில் வாழும் பெற்றோரும் இதனை மறுக்கமாட்டார்கள். ஆயின் அவர் அவ்வேலையைத் துறந்து நடிப்புப் பள்ளியிற் சேர்ந்தார். 2007இல் வெஸ் ஆண்டர்சன் இயக்கிய ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ என்னும் படத்தில், தொடர்வண்டியில் பயணிகளுக்குப் பணிபுரியும் ரீட்டா என்னும் பெண்ணாக நடித்து உலகின் பார்வைக்கு வந்தார்.

2011 செப்டம்பர் 17ஆம் நாள் ‘டாக்டர் ஹூ’ தொடரின் ‘தி காட் காம்ப்ளெக்ஸ்’ என்னும் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதில் அமரா கரன் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் ரீட்டா என்பதே. கதை நிகழுமிடம் ஒரு தங்கும் விடுதி. உண்மையில் அது விண்வெளியில் மிதக்கும் சிறைக்கூடம். அங்கே சிக்குண்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு. அவ்வறையில் அவரவர் உள்ளத்தின் பேரச்சம் காத்திருக்கும். பேய்க்கு அஞ்சுவோர் உளர். கோமாளிக்கு அஞ்சுவோரும் உளர். ரீட்டாவின் அறையில் இருந்தது பேயன்று, பூதமன்று. கணக்கில் அவள் பெற்ற தரம் குறைந்ததென்று கடிந்து நிற்கும் தந்தை! தேர்வு முடிவுநாளில் வீடு திரும்ப அஞ்சிய மாணவர் எவரும் இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டார். நல்ல சம்பளத்தை விட்டு நடிக்க வந்த ஒருவர் இக்காட்சியில் நடித்தார் என்பதை நினைக்குந்தோறும் அதன் சுவை மிகுகின்றது.

ரீட்டா அறிவுடையவள். சூழ்நிலையை விரைந்து ஆராய்ந்து முடிவுக்கு வருபவள். மாட்டுத்தலை அரக்கன் தன்னை நாடி வரும்போது, தன் இறுதியைப் பிறர் பார்க்க வேண்டா என்று தடுத்து, தன் இறைநம்பிக்கையோடு சாவை ஏற்கிறாள். அவள் இசுலாமியப் பெண்ணாகப் படைக்கப்பட்டவள். அச்சத்திற்குரியோராக இசுலாமியர் பல திரைகளில் காட்டப்பட்ட காலத்தில், அவளை இத்துணை மாண்போடு காட்டியது பாராட்டத்தக்கதே.

இதன்பின் அவர் வளர்ச்சி விரைவுற்றது. ‘ஸ்டான் லீஸ் லக்கி மேன்’ என்னும் தொடரில் சூரி சோகான் என்னும் காவல்துறை அதிகாரி. 2016இல் அமெரிக்காவின் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘தி நைட் ஆஃப்’ தொடரில் சந்திரா கபூர் என்னும் வழக்கறிஞர். 2021இல் ‘ஹோப் ஸ்ட்ரீட்’ தொடரில் லைலா உசேன். சோகான், கபூர், உசேன்! நடித்தவர் தமிழர், இப்பாத்திரங்களுள் ஒன்றேனும் தமிழ்ப் பெயர் தாங்கவில்லை.

நடிப்பென்பதே பிறராக மாறும் கலை அன்றோ என்று ஒருவர் வினவலாம். நேரிய வினாவே. ‘கலை அரசி’யில் தமிழ்ப் பாடகியாக நடித்த பானுமதி தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்; அதனால் தமிழர் எவரும் குறைபடவில்லை. ஆனால் அங்கே நடிகை மாறினும் தமிழ் பேசும் பாத்திரம் இருந்தது. மேலைத் தொலைக்காட்சியிலோ தெற்காசியர் என்ற ஒரே பைக்குள் அனைவரும் இடப்படுகின்றனர். வெளியே எடுக்கும்போது வடபுலத்துப் பெயரே பெரும்பாலும் கைக்கு வருகிறது. பெயர் சூட்டுவோர் அறிந்த பெயர்கள் அவ்வளவே போலும்.

அறிவியற் புனைவில் பெயர் சிறிய செய்தியன்று. 1966 செப்டம்பரில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில், கறுப்பின நடிகை நிசெல் நிக்கோல்ஸ் ஏற்ற பாத்திரத்திற்கு உகூரா எனப் பெயரிட்டனர். சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் ‘உகூரு’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. முதல் பருவத்தின் முடிவில் அவர் விலக எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தொடருமாறு வற்புறுத்தினார் என்பதை நிக்கோல்சே பலமுறை சொல்லியிருக்கிறார். வருங்காலத்தில் தம் மக்களும் இருக்கிறார்கள் என்பதற்கு அப்பாத்திரம் சான்றாயிற்று. 1979இல் அதே கதை திரைப்படமானபோது, 1965ஆம் ஆண்டின் இந்திய அழகி பெர்சிஸ் கம்பாட்டா தலையை மழித்துக்கொண்டு நடித்தார். அவர் ஏற்றதோ வேற்றுக் கோளைச் சேர்ந்த பெண். இந்தியாவுக்கு அங்கே இடமில்லை.

இன்று இத்துறையில் உயர்ந்துவரும் இன்னொருவர் வரதா சேது. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த மலையாளி. 2025 ஏப்ரல் 12ஆம் நாள் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ பருவத்தில் பெலிண்டா சந்திரா என்னும் செவிலியாக, நாயகனின் பயணத் துணையாக வந்தார். ரீட்டாவுக்கு ஒரு பகுதியில் முடிந்த வாழ்வு பெலிண்டாவுக்கு ஒரு பருவம் முழுதும் நீண்டது.

வரதா சேது அதற்கு முன்னரே, 2022இல் வெளியான ‘ஆண்டோர்’ என்னும் விண்வெளித் தொடரில் கொடுங்கோலரசை எதிர்க்கும் வீராங்கனையாக நடித்திருந்தார். அப்பாத்திரத்தின் பெயர் சிந்தா. மலாய் எழுத்தில் எழுதினால் அது அப்படியே ‘காதல்’ என்று பொருள்படும் சொல். யோங் பெங் கடைத்தெருவில் சிறுவர்க்கும் தெரிந்த சொல். வடமொழியிலிருந்து மலாயிற் கலந்த அது, தமிழில் வழங்கும் ‘சிந்தை’, ‘சிந்தனை’ என்பவற்றோடு உறவுடையது. படைத்தவர்கள் இதை அறிந்து வைத்தனரோ, ஓசை நயம் கருதி வைத்தனரோ, யோங் பெங் மாணவர் அத்தொடரைக் காணும்போது அப்பெயரை இருமுறை கேட்பர்.