ஹெச்எம்எஸ் ஷெஃபீல்டு: அடித்தும் கேட்காத அலாரம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் என் லேப்டாப்பில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தான். எதிரிக் கப்பலை அல்ல, அவன் காப்பாற்ற வேண்டிய சொந்தக் கப்பலை. எப்படி மூழ்கியது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

விளையாட்டின் பெயர் 'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்'. வெடிப்பு, புகை, பின்னணி இசை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஒரு வரைபடம், அதன்மேல் குட்டிக் குட்டிக் குறியீடுகள். நம்மாள் நீலம், எதிரி சிவப்பு, யாரென்று தெரியாதது மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிற மாதிரிதான் இருக்கும் (வீட்டில் எனக்கு இது ரொம்ப வசதி). ரேடாரைப் போட்டால் எதிரி நமக்குத் தெரிவான், நாம் இருக்கும் இடமும் அவனுக்குத் தெரியும். அணைத்தால் ரெண்டு பேருக்குமே குருட்டு ஆட்டம். மொத்த விளையாட்டும் இந்தச் சிக்கலைச் சுற்றித்தான்.

சினாரியோவை நாமே எழுதிக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. 1982 மே 4-ஐ வைத்து நான் தட்டுத்தடுமாறி ஒன்று செய்து வைத்திருந்தேன். அதைத்தான் பையன் ஆடினான்.

அந்த நாளின் கதை இது. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா பிடித்தது. மார்கரெட் தாட்சர் கப்பற்படையை அனுப்பினார். மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'கான்கரர்', அர்ஜென்டினாவின் 'ஹெனரல் பெல்கிரானோ' கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். பதிலடி வரும் என்று பிரிட்டிஷ் தரப்பில் எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டனுக்கு உயிர்நாடி ரெண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள், ஹெர்மீஸும் இன்வின்சிபிளும். அவற்றுக்கு முன்னால் காவலாக மூன்று டைப் 42 நாசகாரிக் கப்பல்கள் நின்றன: ஷெஃபீல்டு, கிளாஸ்கோ, கோவென்ட்ரி. அடி விழுந்தால் முதலில் இவற்றின்மேல் விழட்டும் என்பதுதான் ஏற்பாடு. மூன்றிலும் சீ டார்ட் ஏவுகணை. உயரத்தில் வரும் சோவியத் குண்டுவீச்சு விமானங்களை மனதில் வைத்துச் செய்தது அது. கடலை உரசிக்கொண்டு வருவதற்கு எதிராக அது பெரிதாக உதவாது.

வேடிக்கை என்னவென்றால், இதே டைப் 42 கப்பல்கள் ரெண்டு அர்ஜென்டினாவிடமும் இருந்தன. பிரிட்டனே விற்றது! அவற்றை வைத்தே அர்ஜென்டின விமானிகள் ஒத்திகை பார்த்தார்கள், எவ்வளவு தாழ்வாகப் பறந்தால் ரேடாரில் தெரிய மாட்டோம் என்று.

மே 4 காலை அர்ஜென்டினாவின் பழைய நெப்டியூன் கண்காணிப்பு விமானம் ஒன்று கப்பல்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. ரியோ கிராண்டே தளத்திலிருந்து ரெண்டு சூப்பர் எதான்தார் விமானங்கள் கிளம்பின. ஆளுக்கொரு எக்ஸோசெட் ஏவுகணை. விமானத்திலிருந்து ஏவக்கூடிய எக்ஸோசெட் அர்ஜென்டினாவிடம் மொத்தமே ஐந்துதான் இருந்தது. நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடலை ஒட்டிப் பறந்து, கிட்டே வந்ததும் ஒரு கணம் மேலே எழும்பி ரேடாரைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தாழ்ந்தார்கள்.

அந்த ஒரு கணத்தை கிளாஸ்கோ பிடித்துவிட்டது. எதான்தாரின் ரேடார் அலை என்று அடையாளம் கண்டு, அதற்கான ரகசியச் சொல்லோடு ரேடியோவில் எல்லோருக்கும் கத்தினார்கள். ஏவுகணையைக் குழப்பும் உலோகத் தூளையும் வானில் வீசினார்கள்.

இன்வின்சிபிளில் இருந்தவர்கள் நம்பவில்லை. காரணம் இருக்கிறது. அதற்கு முன்பே இதே மாதிரி பல எச்சரிக்கைகள் வந்து, எல்லாம் மிராஜ் விமானமாகவோ வெறும் பிரமையாகவோ முடிந்திருந்தன. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

ஷெஃபீல்டில்? அந்த நேரத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவி ஓடும்போது, எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவிக்குக் காது அடைத்துவிடும். வான்தாக்குதலைக் கவனிக்க வேண்டிய அதிகாரி காபி குடிக்கப் போயிருந்தார். அவருடைய உதவியாளர் கழிப்பறைக்குப் போயிருந்தார். இதெல்லாம் பல வருடம் மூடியே வைக்கப்பட்டிருந்து, 2017-ல்தான் முழுசாக வெளியே வந்தது.

அடிவானத்தில் புகையைக் கண்ணால் பார்த்தபோது மிச்சம் இருந்தது சில நொடிகள். கப்பலின் வலப்பக்க நடுவில் ஏவுகணை புகுந்தது. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் உடைந்தது, அதனால் தீயை அணைக்க வழியில்லை. 20 பேர் இறந்தார்கள், அதில் பலர் சமையலறையில் மதியச் சாப்பாட்டு வேலையில் இருந்தவர்கள். ஆறு நாள் கழித்து, இழுத்துச் செல்லும் வழியில் கப்பல் மூழ்கியது.

டாக்டராக இங்கே ஒன்று சொல்லணும். அந்தப் போரில் தீக்காயம் பட்டவர்கள் பலருக்கு உடுப்பில் இருந்த செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டியது. கை வெந்தவர்களுக்கு, நம்ம ஊர் வார்டிலும் பூசும் அதே வெள்ளை சில்வர் களிம்பைத் தடவி, கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டினார்கள். விரலை மடக்கி நீட்டலாம், இறுகிப்போகாது. சொகுசுக் கப்பலாக இருந்து மருத்துவமனையான 'உகாண்டா'வின் படங்களில் அந்தப் பைகளைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். நான் ஆடினால் ஜெயித்துவிடுவேன், ஏன்னா எனக்குக் கதை தெரியும். எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு ரேடாரைப் போட்டு வைத்தால் அது விளையாட்டே இல்லை, காப்பி அடிப்பது. பையனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் 15 மடங்கு வேகத்தில் ஓடவிட்டான். புதிதாக எது தென்பட்டாலும் விளையாட்டு நின்று ஒரு பெட்டியைக் காட்டும். பறவைக் கூட்டமா, மீன்பிடிப் படகா, எதிரியா, எல்லாவற்றுக்கும் அதே பெட்டி. பத்துப் பன்னிரண்டு முறை வந்ததும் செட்டிங்ஸுக்குப் போய் அணைத்துவிட்டான்.

"சும்மா சும்மா வருது மாமா, தொல்லை."

மேற்கே ஒரு மஞ்சள் புள்ளி வந்து போனது. அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பிஜி படிக்கும்போது ஐசியூ இரவு ட்யூட்டி. கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்த ஒரு நோயாளி. கை சில்லிட்டிருந்ததால் விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜனைக் குறைத்துக் குறைத்துக் காட்டும், மானிட்டர் அடிக்கும். போய்ப் பார்த்தால் ஆள் நன்றாக இருப்பார். நாலு தடவை போனேன். ஐந்தாவது தடவை நாற்காலியில் இருந்தபடியே எட்டி சைலன்ஸ் பட்டனை அமுக்கினேன். அந்த முறை சளி டியூபை அடைத்திருந்தது. பக்கத்து பெட் சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சக்ஷன் போட்டதால் பிழைத்தார். சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.

அதனால் ஷெஃபீல்டு அதிகாரிகளைத் திட்டும் பதிவுகளைப் படிக்கும்போது எனக்குக் கூடச் சேர்ந்து திட்ட வருவதில்லை. விசாரணையில் ரெண்டு பேரின் அலட்சியம் பதிவானது, ஆனால் ராணுவ நீதிமன்றம் வரை போகவில்லை. அது சரியா தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. காபிக்குப் போனவர் ஒருத்தர்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன எச்சரிக்கையை நம்பாமல் விட்டவர்கள் பல கப்பல்களில் இருந்தார்கள்.

விளையாட்டில் இதெல்லாம் கிடையாது. நான் எழுதிய சினாரியோவில் கிளாஸ்கோ பார்த்தது அடுத்த நொடியே ஷெஃபீல்டுக்கும் தெரிந்துவிடும். மூன்று கப்பலுக்கும் ஒரே மூளை, அது மவுஸைப் பிடித்திருப்பவரின் மூளை. அன்று கடலில் ஒவ்வொரு கப்பலிலும் தனித்தனி ஆட்கள், நாள்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள், நடுவில் கரகரக்கும் ரேடியோ. அப்படியும் பையனின் கப்பல் மூழ்கியது.

"யாருமே பார்க்கலையா மாமா?" என்றான்.

மெசேஜ் லாகைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பெட்டிகளை மறுபடி ஆன் பண்ணிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நான் காபி போட்டு எடுத்துட்டு வருவதற்குள் திரும்ப அணைத்திருந்தான்.