கல்லறை, மண்கட்டி, இணைவைப்பு: ஷியா அறிஞர்கள் சொன்ன பதில்

செம்பாக்கம், தாம்பரம் பக்கத்துல இருந்து அண்ணா சாலைக்குப் போற எல்லாரும் ஆயிரம் விளக்கு மசூதியைத் தாண்டித்தான் போயிருப்போம். அது ஷியா முஸ்லிம்களோட பள்ளிவாசல்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஷியாக்கள் தொழும்போது நெற்றி படுற இடத்துல ஒரு சின்ன மண்கட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது இராக்கில் உள்ள கர்பலா மண். நபியின் பேரர் இமாம் ஹுசைன் கி.பி. 680ல் கொல்லப்பட்ட ஊர் அது.

'இது மண்ணை வணங்குறது இல்லையா? கல்லறைக்குப் போய் இமாம்கள் வழியா துஆ கேட்குறது ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது இல்லையா?' இந்தக் கேள்வியை வஹ்ஹாபிகளும் பிறகு வந்த ஸலஃபிகளும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல கேட்டுட்டு வர்றாங்க. ஷியா அறிஞர்கள் என்ன பதில் சொன்னாங்க? அதுதான் இன்னைக்கு எபிசோடு. இந்தக் கதையில லக்னோவுக்கு ஒரு பெரிய இடம் இருக்கு.

முதல்ல பின்னணி. முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் (1703–1792) அரேபியாவின் நஜ்து பகுதியைச் சேர்ந்தவர். 1744ல் திர்இய்யாவின் தலைவர் முஹம்மது இப்னு சவூதோடு உடன்பாடு செய்துகொண்டார். ஒருத்தர்கிட்ட கொள்கை, இன்னொருத்தர்கிட்ட வாள். இது ஷியாக்களை மட்டும் குறிவைத்த இயக்கம் இல்லை. சுன்னிகளின் கல்லறைப் பழக்கங்களையும் அதே அளவு கண்டித்தது. ஆரம்ப மறுப்புகளும் சுன்னிகளிடமிருந்தே வந்தன. இப்னு அப்துல் வஹ்ஹாபின் கூடப்பிறந்த சகோதரர் சுலைமானே அவரை மறுத்து எழுதியவர்தான்.

ஷியா தரப்பின் முதல் முக்கியமான பதில் நஜஃப் நகரத்திலிருந்து வந்தது. சவூதி அமீர் அப்துல் அஸீஸுக்கு ஷேக் ஜஅஃபர் காஷிஃபுல் ஃகிதா எழுதிய 'மன்ஹஜுர் ரஷாத்' என்ற நூல் அது. வசவு இல்லாமல், சுன்னிகள் ஏற்கிற ஹதீஸ்களை எடுத்து வைத்தே பேசுகிறது.

ஆனா வாள் நிற்கவில்லை. 1802ல் வஹ்ஹாபிப் படை கர்பலாவுக்குள் புகுந்தது. அன்று கதீர் திருநாள். ஊர்க்காரர்கள் பலர் நஜஃபுக்குப் போயிருந்தார்கள். ஹுசைனின் கல்லறை மேல் இருந்த குவிமாடம் இடிக்கப்பட்டது. செத்தவர்கள் கிட்டத்தட்ட 2,000 பேர் என்று சவூதி வரலாற்றாசிரியர் இப்னு பிஷ்ரே எழுதுகிறார். அடுத்த வருஷம் அங்கே போன ஓர் இந்தியர், லக்னோவில் பிறந்த மிர்ஸா அபூ தாலிப் கான், 5,000 என்கிறார். ஐரோப்பா சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கர்பலாவில் தன் சொந்த அத்தையைச் சந்தித்தார். கடைசிக் காலத்தை அங்கே கழிக்கப் போயிருந்த அந்த அம்மாவிடமிருந்து எல்லாவற்றையும் கொள்ளையடித்திருந்தார்கள். இவர் கையில் இருந்ததைக் கொடுத்து உதவினார்.

'இணைவைப்பவர்'னு ஒருத்தரை முத்திரை குத்தினா அடுத்து என்ன நடக்கும்னு கர்பலா காட்டிடுச்சு. அதனாலதான் இந்தப் பதில்களை வெறும் பட்டிமன்றமா பார்க்க முடியாது.

இப்ப லக்னோ. தில்லி அறிஞர் ஷா அப்துல் அஸீஸ் ஷியாக் கொள்கையை விமர்சித்து 'துஹ்ஃபா' என்ற பாரசீக நூலை எழுதினார். அவர் வஹ்ஹாபி இல்லை, சூஃபி மரபில் வந்த சுன்னி. ஆனால் அவருக்குப் பதில் எழுதும்போதுதான் இந்திய ஷியாக்களின் வாத முறை கூர்மையானது. மீர் ஹாமித் ஹுசைன் (1830–1888) அந்த நூலின் ஒரே ஓர் அத்தியாயத்துக்கு 'அபகாதுல் அன்வார்' என்று பல தொகுதிகள் எழுதினார். ஆதாரம் தேடி ஹிஜாஸ், இராக் நூலகங்கள் வரை போனார். எடுத்த மேற்கோள்கள் எல்லாம் சுன்னி நூல்களிலிருந்து!

எங்க சாஃப்ட்வேர் வேலையில ஒரு விஷயம் உண்டு. 'என் மெஷின்ல சரியா ஓடுதே'ன்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. புகார் சொன்னவர் மெஷின்லயே ஓட்டிக் காட்டணும். ஹாமித் ஹுசைன் செஞ்சது அதுதான்.

அடுத்த அடி 1926 ஏப்ரலில். சவூதி ஆட்சியின் கீழ் மதீனாவின் ஜன்னத்துல் பகீ கல்லறைத் தோட்டத்தில் இருந்த கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. ஷியாக்களின் நான்கு இமாம்கள் அடக்கமான இடம் அது. இடிப்பதற்கு முன் மதீனா அறிஞர்களிடம் ஃபத்வாவும் வாங்கப்பட்டது. இந்தியாவில் ஷியாக்கள் மட்டும் கொதிக்கவில்லை. மக்காவில் கல்லறைகள் இடிபட்ட செய்தி வந்தபோதே லக்னோவின் சுன்னி அறிஞர் மௌலானா அப்துல் பாரி ஃபிரங்கி மஹல்லி கடுமையாக எதிர்த்தார். கிலாஃபத் தலைவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது.

அப்போது நஜஃபில் படித்துக்கொண்டிருந்த லக்னோ இளைஞர் ஒருவர், இருபதுகளின் தொடக்கத்தில், 'கஷ்ஃபுன் நிகாப்' என்று இப்னு அப்துல் வஹ்ஹாபின் கொள்கைகளை மறுத்து அரபியில் புத்தகம் எழுதினார். அவர்தான் சையத் அலி நகீ நக்வி. பின்னாளில் லக்னோ, அலிகர் பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். அதே காலத்தில் நஜஃபில் ஜவாத் பலாகியும், சிரியாவில் முஹ்ஸின் அல்அமீனும் மறுப்பு எழுதினார்கள்.

சரி, வாதம் என்ன?

ஒன்று, கட்டிடம். உயர்ந்த கப்ருகளைச் சமப்படுத்தச் சொல்லி அலீ உத்தரவிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. வஹ்ஹாபிகளின் முக்கிய ஆதாரம் இதுதான். ஷியா அறிஞர்கள் சொல்வது: அந்த அரபிச் சொல்லுக்கு ஒட்டகத் திமில் மாதிரி குவிக்காமல் மேற்பரப்பைச் சமமாக்குவது என்று பொருள், இடிப்பது என்று பொருள் இல்லை. குகைவாசிகள் மேல் பள்ளிவாசல் கட்டுவோம் என்று சிலர் சொன்னதைக் குர்ஆன் (18:21) கண்டிக்காமல் சொல்கிறது. நபியவர்களே ஒரு அறைக்குள்தானே அடக்கம் செய்யப்பட்டார்கள்?

இரண்டு, மரியாதையும் வணக்கமும். வானவர்கள் ஆதமுக்கு ஸுஜூது செய்தார்கள். யூசுஃபின் சகோதரர்கள் 'எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள்' என்று தந்தை யாகூபிடம் போனார்கள் (12:97). செயலின் வெளித்தோற்றத்தை வைத்து ஷிர்க் என்று முடிவு கட்ட முடியாது. எதிரில் இருப்பவரைக் கடவுளாக நினைத்தால்தான் அது வணக்கம்.

மூன்று, மண்கட்டி. 'பூமி எனக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டது' என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. மண்ணின் *மேல்* நெற்றி வைப்பது வேறு, மண்*ணுக்கு* நெற்றி வைப்பது வேறு. தமிழ்ல ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம்!

ஸலஃபிகள் இதோடு விடவில்லை. குகைவாசிகள் பற்றிப் பேசியவர்கள் ஆட்சியாளர்கள், அவர்கள் செயல் சட்டம் ஆகாது என்கிறார்கள். உயிரோடு இருந்த யாகூபிடம் கேட்டது இறந்தவரிடம் கேட்பதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். அதற்கு ஷியாக்கள், இறைவழியில் கொல்லப்பட்டோர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற வசனத்தை (3:169) வைக்கிறார்கள். விவாதம் இன்னும் ஓடுது.

நான் ரொம்ப மதிக்கிற விஷயம் இன்னொண்ணு. வஹ்ஹாபிகளை மறுத்து எழுதிய அதே முஹ்ஸின் அல்அமீன், 1920களின் கடைசியில் 'அத்தன்ஸீஹ்' எழுதினார். மொஹரத்தில் கத்தியால் தலையைக் கீறிக்கொள்வது கூடாது என்று தன் சொந்தச் சமூகத்திடமே சொன்னார். பெரிய எதிர்ப்பு வந்தது, பின்வாங்கவில்லை. வெளியிலிருந்து அடி விழும்போது உள்ளே திருத்தம் பேசுறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

இதெல்லாம் நமக்குத் தூரத்து விஷயமா? 1980கள்ல இருந்து தமிழ்நாட்டில் தவ்ஹீத் பிரசாரம் தர்காக்களுக்கு எதிராக இதே கேள்விகளைத்தான் கேட்டது. நாகூர் தர்காவுக்குப் போகிற சுன்னத் ஜமாஅத் மக்களுக்காக அவர்களுடைய ஆலிம்கள் சொன்ன பதில்களை எடுத்துப் பாருங்க. வஸீலா, ஷஃபாஅத், குகைவாசிகள் என்று பல இடத்தில் அதே வசனங்கள். ஷியாவும் சுன்னியும் பல விஷயத்தில் மோதினாலும் இந்த ஒரு கேள்வியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யார் வாதம் சரின்னு தீர்ப்பு சொல்ல இந்த பாட்காஸ்ட் இல்லை. ஆனா ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு, பதில் சொல்ல அவகாசம் கொடுக்குற கடமையும் உண்டு. கர்பலாவிலும் பகீயிலும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் பதில் வந்த இடத்தில் ஒரு நூலகம் வளர்ந்தது. லக்னோவின் நாஸிரிய்யா நூலகம் ஹாமித் ஹுசைன் குடும்பம் சேர்த்த நூல்களால் உருவானதுதான்.

உங்க கருத்துகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.