கலீஃபாவின் மேய்ச்சல் நிலம்

அரபு மொழியில் 'ஹிமா' என்பது காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். இச்சொல்லின் பழைய வரலாறு இனியதன்று. அறியாமைக் காலத்துத் தலைவன் மேட்டின்மீது நாயைக் குரைக்க வைப்பான். அவ்வொலி எட்டுமட்டும் உள்ள புல் அவனுக்கே உரியது. அதற்கப்பாலோ பிறரோடு அவன் மந்தையும் சேர்ந்து மேயும்! இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தரும் செய்தி இது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்தார்கள். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் நிலத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்கென ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) ரபதாவும் ஹிமாவாயிற்று.

காவல் வந்தால் முதலில் விரட்டப்படுபவன் ஏழையன்றோ? அதனை அக்கலீஃபா அறிந்திருந்தார்கள். தாம் உரிமையளித்த ஹுனை என்பவரைக் காவலராக அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவனை உள்ளே விடுமாறும், உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோரின் கால்நடைகளைத் தடுக்குமாறும் பணித்தார்கள். அவ்விருவரும் சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மரில் உள்ளவர்கள் என்பதை வாசகர் மறத்தலாகாது! செல்வர்களின் மந்தை மடிந்தால் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்குண்டு. ஏழையோ பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் ஈவதைவிடப் புல்லும் நீரும் தருவது எளிது என்றார்கள். அந்நிலம் அம்மக்களுடையதே என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். புகாரி ஷரீஃபில் இது பதிவாகியுள்ளது.

பின்னாளில் குலங்களும் ஊர்களும் ஹிமாக்களைக் காத்துவந்தன. 1953இல் சவூதி அரசு அவற்றைப் பொதுமேய்ச்சலுக்குத் திறந்துவிட்டது. காவல் நீங்கிய பல நிலங்களில் மிகை மேய்ச்சலால் புல் அருகியது. தாயிஃப், பாஹா மலைப்பகுதிகளில் சில ஊரார் மட்டும் தம் ஹிமாவைக் கைவிடவில்லை.